வெள்ளை பிரெட், வெள்ளைச் சோறு, நூடுல்ஸ்: ரத்த அழுத்தம் ஏற இவைதான் காரணமா?

வெண்சங்கு (கேள்வி)

வணக்கம். 52 வயதான ஒருவருக்காகக் கேட்கிறேன். வீட்டு மெஷினில் பிபி காலையில் 136/86, மாலையில் 132/84 என்ற அளவிலேயே ஒரு மாதமாக நிற்கிறது. மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்து பார்க்கலாம் என்பது டாக்டரின் யோசனை. சர்க்கரை இல்லை, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) சரியாக இருக்கிறது. எடை மட்டும் இருக்க வேண்டியதைவிட 8 கிலோ கூடுதல்.

ஒரு நாள் சாப்பாடு இப்படி: காலையில் வெள்ளை பிரெட் 4 துண்டு. மதியம் வெள்ளை அரிசிச் சோறு 2 கப், வேகும்போதே உப்புப் போட்டது. மாலையில் டீயுடன் உப்பு பிஸ்கட் 6. இரவில் வாரம் மூன்று நாள் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் ஒரு பாக்கெட், மற்ற நாட்களில் மறுபடி சோறு அல்லது பிரெட். காய்கறி கொஞ்சம்தான், பழம் எப்போதாவது.

தெரிய வேண்டியவை: தவிடு நீக்கித் தீட்டிய தானியமே பிபியை ஏற்றுகிறதா, அல்லது அதோடு வரும் உப்பா? மைதாவும் வெள்ளை அரிசியும் ஒன்றுதானா? பிரவுன் பிரெட்டுக்கு மாறினால் போதுமா? மாற்றினால் எத்தனை நாளில் தெரியும்?

தராசுமுள்

தானியம் நல்லதா கெட்டதா என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய தானிய உணவுகள் வழியாக மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு சோடியம் உள்ளே போகிறது?

கடை பிரெட் ஒரு துண்டில் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிகிராம் சோடியம் இருக்கும். 150 என்று வைத்தால் 4 துண்டுக்கு 600. உப்பு பிஸ்கட் 6 என்பது ஏறக்குறைய 25 கிராம். 100 கிராமுக்கு 800 மி.கி. உள்ள ரகம் என்றால் அதில் 200. சோற்றில் அரை டீஸ்பூன் உப்பு (சுமார் 3 கிராம்) போட்டு இருவர் சாப்பிட்டால் ஆளுக்கு 600. நூடுல்ஸ் பாக்கெட் ரகத்துக்கு ஏற்ப 800 முதல் 1,500க்கு மேலும் போகும், 1,100 என்று வைப்போம். மொத்தம் 2,500 மி.கி.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 2,000 மி.கி. சோடியத்துக்குக் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழே. நூடுல்ஸ் சாப்பிடும் நாளில் தானியம் மட்டுமே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. மற்ற பதார்த்தங்களில் போடும் உப்பு இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு இந்தச் சாப்பாட்டை வைத்துச் சொல்லக்கூடிய பதில்: உப்புதான் முதல் குற்றவாளி. தீட்டிய தானியம் அந்த உப்பைச் சுமந்து வரும் வண்டி.

ஆனால் உப்பை மட்டும் எடுத்துவிட்டால் தீட்டிய தானியம் குற்றமற்றதாகிவிடாது. கோதுமை மணியைப் பிரித்துப் பார்த்தால் தவிடு எடையில் சுமார் 14 சதவீதம், முளை 3 சதவீதத்துக்கும் குறைவு, மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. ஆலையில் போவது அந்தச் சின்னப் பங்குதான். ஆனால் நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. 100 கிராம் முழுக் கோதுமை மாவில் பொட்டாசியம் சுமார் 360 மி.கி., மக்னீசியம் சுமார் 135 மி.கி., நார்ச்சத்து 10 கிராமுக்குச் சற்று மேல். அதே அளவு மைதாவில் பொட்டாசியம் 110க்குப் பக்கம், மக்னீசியம் 22, நார்ச்சத்து 3 கிராமுக்குள். "சத்தூட்டப்பட்டது" என்று அச்சிட்ட மாவில் இரும்பும் சில பி வைட்டமின்களும் திரும்பச் சேர்க்கப்படும். பிபிக்கு வேண்டிய பொட்டாசியம், மக்னீசியம், நார்ச்சத்து மூன்றையும் பொதுவாக யாரும் திரும்பச் சேர்ப்பதில்லை.

பொட்டாசியம் ஏன் முக்கியம் என்றால், அது போதுமான அளவு உள்ளே வரும்போது சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும். குறைந்தால், பொட்டாசியத்தைக் கையில் பிடித்துவைக்கும் முயற்சியில் சோடியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சோடியத்தோடு தண்ணீரும் தங்கும், ரத்தக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். உப்பு அதிகம், பொட்டாசியம் குறைவு என்று இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்து வருவதுதான் இந்தச் சாப்பாட்டின் உண்மையான சிக்கல்.

இன்னொரு வழி இன்சுலின். தீட்டிய மாவு சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கூடவே இன்சுலினும் ஏறும். சோடியத்தைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்ள இன்சுலினும் தூண்டும். வயிற்றுக் கொழுப்பு அதிகம் உள்ளவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஆனாலும் உப்பு, பொட்டாசியம், எடை ஆகிய மூன்றுக்கும் பிறகுதான் இதை வைப்பேன்.

எடையை லேசாக எடுக்க வேண்டாம். ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு சராசரியாக 1 புள்ளி குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டது. அந்த 8 கிலோவில் 4 குறைந்தாலே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும். வெந்த சோறு ஒரு கப் சுமார் 200 கலோரி. இரவிலும் சோறு சாப்பிடும் நாளில் நாலு கப் என்று வைத்து, அதை இரண்டரையாக்கினால் நாளுக்கு 300 கலோரி மிச்சம்.

மைதாவும் வெள்ளை அரிசியும் ஒன்றா என்றால், சத்துக் குறைவில் அண்ணன் தம்பி, உப்பில் இல்லை. உப்புப் போடாமல் வெந்த சோற்றில் சோடியம் கிட்டத்தட்ட பூஜ்யம். அரிசியில் உப்பு உங்கள் கையில் இருக்கிறது. பிரெட்டில் நீங்கள் வாங்கும் முன்பே உள்ளே போய்விட்டது. அதனால் நாளைக்கே செய்யக்கூடியது: சோற்றில் உப்பை அடியோடு நிறுத்துங்கள். தொட்டுக்கொள்வதில் உப்பு இருக்கிறது, நாக்குக்கு அது போதும்.

மெய்ப்பொருள்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் நேர்மையாக வைத்துவிடலாம். "தீட்டிய தானியம் பிபியை ஏற்றும்" என்பது உறுதியாகிவிட்ட செய்தி போலப் பல இடங்களில் எழுதுகிறார்கள். படம் அவ்வளவு சுத்தமாக இல்லை.

2021இல் வெளியான ப்யூர் ஆய்வு 21 நாடுகளில் 1 லட்சத்து 37 ஆயிரம் பேரை 9 ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தது. நாளுக்கு 350 கிராமுக்கு மேல் தீட்டிய தானியம் சாப்பிட்டவர்களுக்கு, 50 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட மரண அபாயம் 27 சதவீதமும், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய நோய் அபாயம் 33 சதவீதமும் கூடுதலாக இருந்தன. சிஸ்டாலிக் அழுத்தமும் (பிபியின் மேல் அளவு) கூடுதலாகவே இருந்தது. கவனிக்க வேண்டிய இடம் எதுவென்றால், அந்த ஆய்வில் தீட்டிய தானியம் என்று எண்ணியது வெள்ளை பிரெட், நூடுல்ஸ், பாஸ்தா, பிஸ்கட், பேக்கரிப் பண்டம் போன்றவற்றை. வெள்ளை அரிசியைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள், அதில் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. தராசுமுள் சொன்ன 'வண்டி' விளக்கத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் இது கவனித்து எழுதிய ஆய்வு, காரணத்தை நிரூபிக்கும் சோதனை அல்ல.

முழு தானியம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிபி வருவது குறைவு என்பது கொஞ்சம் உறுதியாகத் தெரிகிறது. அமெரிக்காவில் சுமார் 29,000 பெண்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்விலும் (2007), சுமார் 31,000 ஆண்களைப் பதினெட்டு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்விலும் (2009) அதிகம் முழு தானியம் சாப்பிட்டவர்களிடம் அபாயம் குறைந்திருந்தது. ஆனால் பெண்கள் ஆய்வில் தீட்டிய தானியத்துக்கும் பிபிக்கும் தொடர்பு தெரியவில்லை. அதாவது முழு தானியம் இல்லாததுதான் இழப்பு, வெள்ளை மாவில் விஷம் ஒன்றும் இல்லை.

ஆளை வைத்துச் சோதித்த ஆய்வுகளும் இரண்டு பக்கமாகவே நிற்கின்றன. 2010இல் ஸ்காட்லாந்தில் நடுத்தர வயதினர் 200 பேருக்கு மேல் 12 வாரம் நடந்த சோதனையில், நாளுக்கு மூன்று பரிமாறல் தீட்டிய தானியத்தை முழு தானியமாக்கியவர்களுக்கு மேல் அளவு சுமார் 6 புள்ளி இறங்கியது. அதே ஆண்டு பிரிட்டனில் 316 பேரை வைத்து, நாளுக்கு 60 கிராம், பின்பு 120 கிராம் முழு தானியம் கொடுத்துப் பார்த்த சோதனையில் பிபியில் மாற்றமே இல்லை. ஆகவே தானியத்தை மட்டும் மாற்றிவிட்டு 6 புள்ளி இறங்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

தட்டு முழுவதையும் மாற்றினால் கதை வேறு. 1997இல் வந்த டேஷ் (DASH) என்ற உணவுமுறைச் சோதனையில் 459 பேருக்கு 8 வாரம் காய், பழம், கொழுப்புக் குறைந்த பால், முழு தானியம், பருப்பு, கொட்டை வகை என்று சமைத்தே கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கவில்லை, எடையையும் குறைய விடவில்லை. அப்படியும் சராசரியாக 5.5/3 இறங்கியது. ஏற்கெனவே பிபி இருந்தவர்களுக்கு 11.4/5.5. அதில் பெரும்பங்கு முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இந்த உணவுமுறையில் 2,000 கலோரிக்கு நாளுக்கு 6 முதல் 8 பரிமாறல் தானியம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தானியத்தையே விலக்கச் சொல்லும் முறை அல்ல இது. 2001இல் இதே உணவோடு சோடியத்தையும் சுமார் 1,150 மி.கி.க்குக் குறைத்துப் பார்த்தபோது, உப்பு மிகுந்த வழக்கமான சாப்பாட்டைவிட, பிபி இருந்தவர்களுக்கு மேல் அளவு 11.5 புள்ளி குறைவாக இருந்தது.

அடுமனைக்கை

பிரவுன் பிரெட் கேள்விக்கு மாவு பிசைகிற பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நிறத்தை நம்ப வேண்டாம். கேரமல், மால்ட், வெல்லப்பாகு எதைச் சேர்த்தாலும் மைதா பிரெட் பழுப்பாகிவிடும். மேலே நாலு ஓட்ஸைத் தூவினால் "மல்டிகிரெயின்" ஆகிவிடும். பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்கள் எடைவாரியாக, அதிகமானது முதலில் வரும். முதல் பெயர் "முழுக் கோதுமை மாவு" என்று இருக்க வேண்டும். வெறும் "கோதுமை மாவு" என்றிருந்தால் பல நேரம் அது மைதாதான். சதவீதம் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். சேர்மானம் குழப்பினால் ஒரு சின்ன வகுத்தல் உதவும். 100 கிராமில் உள்ள மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுங்கள். 10க்குள் வந்தால் நல்ல ரகம். வெள்ளை பிரெட்டில் இது 15க்கு மேல் போகும்.

அடுத்தது சோடியம். முழுக் கோதுமை பிரெட்டில் உப்பு குறைவு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படி இல்லை. தவிட்டின் கசப்பை அமுக்கச் சில ரகங்களில் உப்பும் சர்க்கரையும் கூடவே இருக்கும். 100 கிராமுக்கு 120 மி.கி. சோடியம் வரை குறைவு, 600க்கு மேல் அதிகம். பெரும்பாலான பிரெட் 400க்கும் 500க்கும் நடுவில் நிற்கும். 350க்குக் கீழே கிடைத்தால் எடுங்கள். சில பொட்டலங்களில் சோடியத்துக்குப் பதிலாக "உப்பு" என்று போட்டிருப்பார்கள், அதை 2.5ஆல் வகுத்தால் சோடியம் வரும். "ஒரு பரிமாறலுக்கு" என்ற கட்டத்தை விட்டுவிட்டு 100 கிராம் கட்டத்தைப் பாருங்கள். பரிமாறல் அளவைச் சின்னதாக்கினால் எந்த எண்ணும் அழகாகத் தெரியும்.

நாக்குக்குத் தெரியாத சோடியமும் உண்டு. இனிப்பு பிஸ்கட்டிலும் கேக்கிலும் இருக்கும் சமையல் சோடா எடையில் 27 சதவீதம் சோடியம். ஒரு டீஸ்பூனில் சுமார் 1,260 மி.கி. உப்புக் கரிக்காததால் யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உப்பு பிஸ்கட்டை விட்டு இனிப்பு பிஸ்கட்டுக்குத் தாவினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

வீட்டில் பிரெட் செய்ய முடிந்தால் உப்பு மொத்தமும் உங்கள் கையில். வழக்கமான அளவு மாவின் எடையில் 2 சதவீதம். 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு, அதாவது சுமார் 3,900 மி.கி. சோடியம். 16 தடித்த துண்டு போட்டால் துண்டுக்கு 245. இதை 6 கிராமாக்கினால் துண்டுக்கு 150க்குக் கீழே வரும். ஆனால் ஒரே மூச்சில் குறைத்தால் பிரெட் கெட்டுப்போகும். உப்புக்குச் சுவையைத் தவிர இரண்டு வேலை உண்டு. ஈஸ்ட்டின் வேகத்தை அடக்கும், மாவின் பசைத்தன்மையை இறுக்கிக் கட்டும். உப்புக் குறைந்தால் மாவு கையில் ஒட்டும், மளமளவென்று பொங்கும், அடுப்புக்குள் போனதும் நடுவில் அமுங்கிவிடும். அதனால் உப்பை 10, 8, 6 என்று படியாக இறக்குங்கள். 6 கிராமுக்கு வரும்போது ஈஸ்ட்டையும் கால் பங்கு குறையுங்கள். இரண்டு மடங்கு பொங்கும்வரை காத்திருக்காமல் ஒன்றரை மடங்கில் அடுப்பில் வைத்துவிடுங்கள். விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி மேலே வர வேண்டும். உடனே துள்ளி எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். எழாமல் கிடந்தால் நேரம் கடந்துவிட்டது.

முழு மாவுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். 500 கிராம் மைதாவுக்கு 325 மி.லி. போதும் என்றால், முழுக் கோதுமைக்கு 370 முதல் 390 வரை கேட்கும். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு ஈஸ்ட்டும் உப்பும் சேர்த்துப் பிசையுங்கள். இதைச் செய்யாவிட்டால் தவிட்டின் கூர்மையான ஓரங்கள் மாவின் இழைகளை அறுத்து, பிரெட் செங்கல் போல் வரும். "முழுக் கோதுமை பிரெட் எனக்குச் சரிவரவில்லை" என்று விட்டுவிடுகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். பாதி மைதா, பாதி முழு மாவு என்று தொடங்குவது நல்லது. பிசைந்த மாவை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்துப் புளிக்கவிட்டால் சுவை கூடும், உப்புக் குறைவும் தெரியாது. நீண்ட நேரம் புளிக்கும்போது தவிட்டில் தாதுக்களைப் பிடித்துவைக்கும் பைடிக் அமிலம் உடைவதால் மக்னீசியமும் நன்றாக உடம்பில் சேரும்.

முழு மாவில் முளையின் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வெண்சங்கு

சோற்று உப்பைக் கணக்கிலேயே எடுக்காமல் இருந்திருக்கிறோம், நன்றி. இன்னும் மூன்று: சோற்றை முழுவதும் பழுப்பு அரிசிக்கு மாற்றலாமா? புழுங்கல் அரிசியோ சிறுதானியமோ போதாதா? பொட்டாசியம் உப்பு என்று விற்பதை வாங்கலாமா?

நாடிமானி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் தவறினால் ஆபத்து அதில்தான். சோடியம் குறைந்த உப்பில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது உதவும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், எனலாப்ரில் போன்ற 'ப்ரில்' மாத்திரை, டெல்மிசார்டன் போன்ற 'சார்டன்' மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் தாங்களாகத் தொடங்கவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். நீங்கள் சொன்னவருக்கு இப்போது தடை தெரியவில்லை. ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் மூன்று மாதம் கழித்து அவர் எழுதித் தரும் மாத்திரை இந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்பு.

அடுத்தது அளவெடுக்கும் முறை. 6 புள்ளி இறங்கியதா என்று பார்க்கப்போகிறீர்கள். தவறாக அளந்தால் அதிலேயே 10 புள்ளி பிசகிவிடும். அளப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து டீ, காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, காலைக் குறுக்கே போடாமல் 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கை மேசைமேல், பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். கை 10 செ.மீ. தாழ்ந்து தொங்கினால் சுமார் 8 புள்ளி கூடக் காட்டும். பட்டை சிறியதாக இருந்தாலும் கூடக் காட்டும். மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து பட்டையில் அச்சிட்ட அளவோடு பொருத்திப் பாருங்கள். சட்டைக் கைமேல் கட்ட வேண்டாம்.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஒரு நிமிட இடைவெளி விட்டு, 7 நாள் எடுங்கள். முதல் நாளை ஒதுக்கிவிட்டு மீதியின் சராசரியை எழுதுங்கள். அதுதான் தொடக்க எண். உணவை மாற்றி நாலாவது வாரத்தில் இதே மாதிரி 7 நாள், பன்னிரண்டாவது வாரத்தில் இன்னொரு 7 நாள். நடுவில் தினமும் எடுத்து மனம் கலங்க வேண்டாம். வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தம்தான். உங்கள் காலை அளவு அங்கேதான் நிற்கிறது, ஆகவே 12 வாரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். 180/120க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் அது சாப்பாட்டு விஷயமே அல்ல, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தராசுமுள்

அரிசிக்கு வருகிறேன். புழுங்கல் அரிசியில் நெல்லை வேகவைக்கும்போது தவிட்டின் பி வைட்டமின்கள் ஓரளவு மணிக்குள் இறங்கிவிடும், அது நல்லதுதான். ஆனால் பிறகு தீட்டினால் தவிடும் நார்ச்சத்தும் போய்விடும். பிபிக்காகப் பார்த்தால் வெள்ளை அரிசிக்குக் கொஞ்சம் மேலே, பழுப்பு அரிசிக்கு நன்றாகக் கீழே. சிறுதானியத்திலும் அதே கதை. பளபளவென்று வெளுத்திருந்தால் அதுவும் தீட்டியதுதான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பழுப்பு அரிசிக்கு முழுவதும் மாற வேண்டியதில்லை. தவிட்டில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அதனால் ஒரே தானியத்தைத் தினம் மூன்று வேளை சாப்பிடாமல் ஓட்ஸ், பார்லி, முழுக் கோதுமை என்று மாற்றி மாற்றி வைப்பது நல்லது. முதல் இரண்டு வாரம் மூன்று பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கு பழுப்பு, பிறகு பாதிக்குப் பாதி. இரண்டையும் ஒன்றாகப் பானையில் போட்டால் வெள்ளை குழைந்துவிடும், பழுப்பு விறைத்து நிற்கும். பழுப்பு அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து முதலில் 20 நிமிடம் வேகவிட்டு, அதன் பிறகு வெள்ளையைச் சேருங்கள். தனியாகச் சமைத்தால் ஒரு பங்குக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர், சிறு தீயில் 35 முதல் 45 நிமிடம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. 100 கிராம் மைதாவை முழுக் கோதுமையாக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் பொட்டாசியம் 250 மி.கி.தான். ஒரு நாளைக்கு வேண்டியது 3,500க்கு மேல். நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலேயே 420 இருக்கிறது. வெந்த பயறு, பீன்ஸ் அரை கப்பில் 300 முதல் 400 வரை. தானியத்தைத் தானியத்தால் மாற்றுவதோடு நிற்காமல், தட்டில் தானியத்தின் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்போ பயறோ வையுங்கள். பாதித் தட்டு காய்கறி. காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியம் அதோடு போய்விடும், சமையலிலேயே சேர்த்துவிடுங்கள்.

நூடுல்ஸை ஒரே நாளில் விட முடியாது என்றால் வாரம் ஒரு நாளாக்கி, மசாலாப் பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போடுங்கள். உப்பில் பெரும்பங்கு அதில்தான். நூடுல்ஸ் கட்டியிலும் உப்பு உண்டு, அதனால் வெந்த தண்ணீரை வடித்துவிட்டு வேறு வெந்நீர் சேர்த்து, இரண்டு கைப்பிடி காய், ஒரு முட்டை அல்லது பயறு போட்டுச் சாப்பிடலாம். மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாக உப்பில்லாத வேர்க்கடலை ஒரு சிறு கைப்பிடி (30 கிராமுக்கு மேல் வேண்டாம், எடை ஏறும்), கூட ஒரு பழம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். நார்ச்சத்தை 10 கிராமிலிருந்து திடீரென்று 30க்கு ஏற்றினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், நாலாவது நாள் பழைய பிரெட்டுக்கே திரும்பிவிடுவார்கள். வாரத்துக்கு 5 கிராம் என்ற கணக்கில் ஏற்றி, தண்ணீரும் கூடக் குடித்தால் தாங்கும். உப்பு அப்படி அல்ல, இன்றைக்கே குறைக்கலாம். முதல் பத்து நாள் சோறு சப்பென்று இருக்கும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, புளிப்பு ஏதாவது கொண்டு ஓட்டுங்கள். மூன்று, நாலு வாரத்தில் நாக்கு பழகிவிடும். அப்போது பழைய பிஸ்கட்டை ஒன்று கடித்துப் பார்த்தால் அவருக்கே உப்புக் கரிக்கும்.